பழுது எங்கே? ஒரு பழைய காரும் நம் வகுப்பறையும்

(ஆசிரியர்களுக்கான பணியிடைப் பயிற்சியில் தொழிற்கல்வி ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்றைய அமர்வுக்கு எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு ‘குறையறி சோதனையும் குறைதீர் கற்பித்தலும்’. பி.எட். படித்த காலத்தில் நாம் எல்லோரும் இதற்கு விடை எழுதி மதிப்பெண் வாங்கியவர்கள்தாம். எனவே வரையறைகளைத் திரும்பச் சொல்லி உங்கள் நேரத்தை எடுத்துக்கொள்ளப் போவதில்லை. நான் மேல்நிலை வகுப்புகளுக்கு ஆட்டோமொபைல் பாடம் நடத்துபவன். எனக்குத் தெரிந்தது வண்டி. பள்ளிப் பணிக்கு வருவதற்கு முன்பு மூன்று ஆண்டுகள் இங்கிலாந்தில், பழைய கார்களைப் பழுதுபார்க்கும் ஒரு சிறிய பட்டறையில் வேலை பார்த்தேன். பழுது எங்கே இருக்கிறது என்று தேடும் முறையை அங்கேதான் கற்றேன். அதை ஒரே ஒரு காரை வைத்துச் சொல்கிறேன். வகுப்பறைக்குப் பிறகு வருவோம்.

மினி என்னும் சிறிய கார்

அந்தக் கார் மினி. 1956-இல் சூயஸ் கால்வாய்ச் சிக்கல் எழுந்தபோது பிரிட்டனில் பெட்ரோலுக்குத் தட்டுப்பாடு வந்தது. குறைவாகப் பெட்ரோல் குடிக்கும் சிறிய கார் ஒன்று வேண்டும் என்று பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன் தன் பொறியாளர் அலெக் இஸ்ஸிகோனிஸிடம் கேட்டது. 1959 ஆகஸ்டில் மினி வெளிவந்தது. நீளம் சுமார் 10 அடி. சக்கரத்தின் அளவு 10 அங்குலம். ஆனாலும் நான்கு பெரியவர்கள் உட்காரலாம். 2000-இல் உற்பத்தி நிற்கும்வரை 50 லட்சத்துக்கும் மேற்பட்ட கார்கள் விற்றன.

இவ்வளவு சிறிய காரில் இவ்வளவு இடம் எப்படிக் கிடைத்தது? இஸ்ஸிகோனிஸ் இன்ஜினைக் குறுக்காகத் திருப்பி வைத்தார். கியர்பாக்ஸை இன்ஜினுக்குப் பின்னால் வைக்காமல், அதன் அடியில், ஆயில் நிற்கும் சம்ப் பகுதிக்குள்ளேயே அமைத்தார். ஆகவே மினியில் இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் ஆயில் ஒன்றுதான். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

1965-இல் இதே இடத்துக்குள் ஒரு தானியங்கி கியர்பாக்ஸைப் பொருத்தினார்கள். ஆட்டோமோட்டிவ் புராடக்ட்ஸ் என்ற நிறுவனம் அதை வடிவமைத்தது. தானியங்கி கியர்பாக்ஸ் என்றாலே பெரிய கார்களுக்கு என்றும், மூன்று கியர்கள் என்றும் இருந்த காலம் அது. இந்தச் சிறிய பெட்டிக்குள் முன்னோக்கி நான்கு கியர்கள் இருந்தன. கிளட்ச் பெடல் இல்லை. டி என்ற நிலையில் லிவரை வைத்தால் கியர் தானாக மாறும். வேண்டுமானால் ஓட்டுநரே ஒவ்வொரு கியராகவும் மாற்றிக்கொள்ளலாம்.

காலில் வலி உள்ளவர்களுக்கு இந்த வண்டி பெரிய உதவி. எங்கள் பட்டறைக்கு ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர் வருவார். இடது முழங்கால் மடங்காது. கிளட்ச் மிதிக்க முடியாது. கணவர் முதியோர் பராமரிப்பு இல்லத்தில் இருந்தார். அவரைப் பார்க்க வாரம் மூன்று நாள் இந்த மினியில்தான் அம்மா போய்வருவார்.

“பெட்டி போய்விட்டது” என்ற தீர்ப்பு

ஒருநாள் அவர் வண்டியோடு வந்தார். டி-யில் போட்டால் வண்டி ‘டக்’கென்று குதிக்கிறது. முதல் கியரிலிருந்து இரண்டாவதற்கு மாற வெகுநேரம் ஆகிறது, இன்ஜின் அலறுகிறது. வேறொரு பட்டறையில் காட்டியிருக்கிறார். பத்து நிமிடம் ஓட்டிப் பார்த்துவிட்டு, “கியர்பாக்ஸ் போய்விட்டது. மாற்ற வேண்டும்” என்று சொல்லிவிட்டார்கள். அந்தச் செலவு வண்டியின் விலையைவிட அதிகம். அதற்குப் பேசாமல் வண்டியை விற்றுவிடலாம் என்றும் ஆலோசனை கொடுத்திருக்கிறார்கள்.

மினியில் கியர்பாக்ஸைப் பிரிப்பது சாதாரண வேலை இல்லை. அது இன்ஜினுக்கு அடியில் இருப்பதால், இன்ஜினையும் சேர்த்து வெளியே தூக்க வேண்டும். எனவே ‘பெட்டி போய்விட்டது’ என்ற தீர்ப்பை எளிதாகச் சொல்லிவிடக் கூடாது. எங்கள் பட்டறையின் மூத்த மெக்கானிக் அந்த அம்மாவை உட்காரவைத்து முதலில் கேட்ட கேள்வி: “இது எப்போது தொடங்கியது?”

“கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்த பிறகு” என்றார் அவர். அந்தக் கேள்வியை முந்தைய பட்டறையில் யாரும் கேட்கவில்லை.

வெளியிலிருந்து உள்ளே

மூத்தவர் ஒரு வரிசை வைத்திருந்தார். எந்த மினி வந்தாலும் அந்த வரிசையை மாற்றமாட்டார். செலவில்லாத சோதனை முதலில். பிரித்துப் பார்ப்பது கடைசியில்.

முதலில் ஆயில். அளவு குறைந்தால் பம்ப் காற்றையும் சேர்த்து இழுக்கும். அழுத்தம் விழும். கிளட்ச் வழுக்கும். வளைவில் திரும்பும்போது மட்டும் இழுவை விட்டுப்போனால் ஆயில் அளவைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். ஆயில் ஒரு பக்கமாகச் சாய்ந்து ஓடிவிடுகிறது. பிறகு ஆயிலின் நிலை. இங்கே ஒரே ஆயில் இன்ஜினுக்கும் உழைக்கிறது, கியர்பாக்ஸுக்கும் உழைக்கிறது. இன்ஜினில் சேரும் கரியும் இரும்புத்தூளும் கியர்பாக்ஸின் நுண்ணிய வால்வுகளுக்குள் போகும். கிளட்ச் தகடுகள் தேய்ந்து உதிரும் தூள் இன்ஜின் பேரிங்குக்குப் போகும். அதனால் ஆயிலையும் பில்டரையும் காலம் தவறாமல் மாற்ற வேண்டும். தானியங்கி கியர்பாக்ஸ்தானே என்று, மற்றக் கார்களுக்கு ஊற்றும் சிவப்பு நிறத் தானியங்கி கியர் ஆயிலை இதில் ஊற்றவும் கூடாது. இதற்கு இன்ஜின் ஆயில்தான்.

இரண்டாவது, ஐடிலிங் வேகம். வண்டி நிற்கும்போது இன்ஜின் அதிக வேகத்தில் சுற்றினால், டி-யில் போட்டவுடன் வண்டி குதிக்கும். மிகவும் குறைத்து வைத்தால் இன்ஜின் அணைந்துவிடும். குதிப்பதைப் பார்த்துக் கியர்பாக்ஸைக் குறை சொல்வார்கள். குறை கார்புரேட்டரின் ஒரு சிறிய திருகாணியில் இருக்கும்.

மூன்றாவது, கார்புரேட்டரிலிருந்து கியர்பாக்ஸுக்குப் போகும் ராடு. எந்த வேகத்தில் கியர் மாற வேண்டும் என்பதைக் கியர்பாக்ஸ் இரண்டு செய்திகளை வைத்து முடிவு செய்கிறது. வண்டி எவ்வளவு வேகத்தில் போகிறது என்பது ஒன்று. ஓட்டுநர் ஆக்ஸிலரேட்டரை எவ்வளவு மிதித்திருக்கிறார் என்பது மற்றொன்று. இரண்டாவது செய்தியைக் கொண்டுபோவது இந்த ராடுதான். அதன் நீளம் தவறினால் கியர்பாக்ஸுக்குத் தவறான செய்தி போகும். லேசாக மிதித்திருந்தாலும் ‘பலமாக மிதித்திருக்கிறார்’ என்று எண்ணி, கியரை மாற்றாமல் பிடித்துவைத்துக்கொள்ளும். இதைச் சரிசெய்ய இந்தக் காரின் பழுதுநீக்கும் கையேடு எளிய வழி சொல்கிறது. ராடு சேரும் லிவரில் ஒரு துளை, கியர்பாக்ஸின் உறையில் ஒரு துளை. ஐடிலிங் சரியாக இருக்கும்போது, கால் அங்குலத் தடிமனுள்ள ஒரு கம்பி இரண்டு துளைகளுக்குள்ளும் நேராகப் போக வேண்டும். போகவில்லை என்றால் ராடின் நீளத்தை மாற்ற வேண்டும். அவ்வளவுதான்.

நான்காவது, லிவரிலிருந்து வரும் கேபிள். லிவர் காட்டும் நிலையும் உள்ளே வால்வு நிற்கும் நிலையும் ஒன்றாக இருக்க வேண்டும். கேபிள் தளர்ந்தால் லிவர் ஒன்றைக் காட்டும். உள்ளே வேறொன்று நடக்கும்.

அந்த அம்மாவின் காரில் ஆயில் நன்றாக இருந்தது. ஐடிலிங் மிக அதிகம். கார்புரேட்டரைத் திரும்ப மாட்டியவர் ராடின் நீளத்தைச் சரிபார்க்காமல் விட்டிருந்தார். கம்பி துளைக்குள் போகவே இல்லை. இரண்டையும் சரிசெய்ய ஒரு காலைப்பொழுது ஆனது. ஒரு திருகாணிகூடப் புதிதாக வாங்கவில்லை. அந்த வாரமே அவர் கணவரைப் பார்க்கப் போனார்.

உள்ளேதான் பழுது என்றால்

வெளியில் எல்லாம் சரியாக இருந்தும் வண்டி சரியாக ஓடவில்லை என்றால்? அப்போதும் உடனே பிரிக்கக் கூடாது. பிரிக்காமலேயே உள்ளே எந்தப் பாகம் பழுது என்று கண்டுபிடிக்கலாம். என் மாணவர்களுக்கு மிகவும் பிடித்த பாடம் இது.

இந்தக் கியர்பாக்ஸில் இரண்டு கிளட்சுகள், மூன்று பிரேக் பட்டைகள், ஒரு பக்கம் மட்டும் சுற்றவிடும் ஒருவழிச் சக்கரம் ஒன்று. ஒவ்வொரு கியருக்கும் இவற்றில் இரண்டு சேர்ந்து வேலை செய்யும். கரும்பலகையில் இப்படி எழுதிப்போடுவேன்:

முதல் கியர்: முன்னோட்டக் கிளட்ச், ஒருவழிச் சக்கரம் (லிவரை 1-இல் வைத்தால் ரிவர்ஸ் பட்டையும் பிடிக்கும்)
இரண்டாம் கியர்: முன்னோட்டக் கிளட்ச், இரண்டாம் பட்டை
மூன்றாம் கியர்: முன்னோட்டக் கிளட்ச், மூன்றாம் பட்டை
நான்காம் கியர்: முன்னோட்டக் கிளட்ச், டாப்-ரிவர்ஸ் கிளட்ச்
ரிவர்ஸ்: டாப்-ரிவர்ஸ் கிளட்ச், ரிவர்ஸ் பட்டை

இப்போது கேள்விகள். ‘முன்னோக்கி எந்தக் கியரும் இழுக்கவில்லை, ரிவர்ஸ் நன்றாக இருக்கிறது. குற்றவாளி யார்?’ நான்கு முன்னோக்கிய கியர்களுக்கும் பொதுவானது முன்னோட்டக் கிளட்ச். ரிவர்ஸில் அதற்கு வேலை இல்லை. ஆகவே அதுதான்.

‘ரிவர்ஸ் இல்லை. ஆனால் நான்காம் கியர் நன்றாக இருக்கிறது.’ நான்காம் கியர் நன்றாக இருப்பதால் டாப்-ரிவர்ஸ் கிளட்ச் மீது குற்றமில்லை. மிஞ்சுவது ரிவர்ஸ் பட்டை. இதை இன்னொரு வழியாகவும் உறுதிசெய்யலாம். லிவரை 1-இல் வைத்து மெதுவாக ஓட்டி, ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் இன்ஜின் வண்டியைப் பிடித்து நிறுத்தப் பார்க்க வேண்டும். பிடிக்கவில்லை என்றால் ரிவர்ஸ் பட்டை வேலை செய்யவில்லை என்பதற்கு இரண்டாவது சாட்சி கிடைத்துவிட்டது.

‘ரிவர்ஸும் இல்லை, நான்காவதும் வழுக்குகிறது, ஒன்று, இரண்டு, மூன்று நன்றாக இருக்கின்றன.’ பின் பெஞ்சு மாணவனும் எழுந்து, “டாப்-ரிவர்ஸ் கிளட்ச், சார்” என்பான். அந்தப் பாகத்துக்கு ஆயில் அனுப்பும் வால்வும் காரணமாக இருக்கலாம் என்று சேர்த்துச் சொல்லிக்கொடுக்கிறேன். ஆனாலும் தேடும் இடம் இப்போது உள்ளங்கை அளவுக்குச் சுருங்கிவிட்டது.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். எது ஓடவில்லை என்பதை மட்டும் வைத்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. எது நன்றாக ஓடுகிறது என்ற தகவல்தான் ஒவ்வொரு முறையும் சந்தேகப் பட்டியலிலிருந்து பெயர்களை அடித்துவிடுகிறது.

கடைசியாக ஒரு சோதனை உண்டு. சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, பிரேக்கை முழுவதும் பிடித்து, டி-யில் வைத்து ஆக்ஸிலரேட்டரை முழுவதும் மிதிப்பது. வண்டி நகராது. இன்ஜின் எந்த வேகம்வரை ஏறுகிறது என்று பார்க்க வேண்டும். கையேடு சொல்லும் அளவுக்கு மேலே போனால் உள்ளே ஏதோ வழுக்குகிறது. கீழே நின்றால் இன்ஜினுக்குப் பலம் குறைவு, அல்லது டார்க் கன்வெர்ட்டரில் கோளாறு. ஆனால் இதைப் பத்து விநாடிக்கு மேல் செய்யக் கூடாது. இன்ஜினின் ஆற்றல் முழுவதும் வெப்பமாகி ஆயிலைக் கொதிக்க வைக்கும். திரும்பத் திரும்பச் சோதித்தே நல்ல கியர்பாக்ஸைக் கெடுத்துவிட முடியும். சோதனையும் ஒரு சுமை என்பதை நம் வகுப்பிலும் நினைவில் வைக்க வேண்டும்.

இனி நம் வகுப்பறை

‘இவனுக்கு வகுத்தல் வராது’ என்று ஆசிரியர் அறையில் நாம் சொல்வது உண்டு. இது ‘பெட்டி போய்விட்டது’ என்பதைப் போன்ற தீர்ப்பு. வகுத்தல் என்பது ஒரே திறன் அல்ல. வாய்பாடு வேண்டும், கழித்தல் வேண்டும், இடமதிப்பு வேண்டும். ஒவ்வொரு கணக்கிலும் இவற்றில் சில சேர்ந்து வேலை செய்கின்றன. கியர்பாக்ஸ் அட்டவணையைப் போலவே இதையும் பிரிக்கலாம். நான்கு கணக்குகள் போதும்:

84 ÷ 4
595 ÷ 7
312 ÷ 4
412 ÷ 4

முதல் கணக்கில் எளிய வாய்பாடு, கடன் வாங்காத கழித்தல். இரண்டாவதில் கழித்தல் எளிது. ஏழாம் வாய்பாடு வேண்டும். மூன்றாவதில் வாய்பாடு எளிது. 31-இலிருந்து 28-ஐக் கழிக்கக் கடன் வாங்க வேண்டும். நான்காவதில் ஈவின் நடுவில் பூச்சியம் வரும்.

முதல் மூன்றையும் சரியாகப் போட்டு, நான்காவதற்கு மட்டும் 13 என்று எழுதும் குழந்தைக்கு வகுத்தல் தெரியும். 103-இன் நடுவில் இருக்கும் பூச்சியத்தின் இடம் மட்டும்தான் தெரியவில்லை. அந்தக் குழந்தையை வாய்பாட்டைப் பத்துமுறை எழுதச் சொல்வது, ராடு கோணலாக இருக்கும் காருக்குக் கியர்பாக்ஸை மாற்றுவது போல. இரண்டாவது கணக்கில் மட்டும் தடுமாறும் குழந்தைக்கு ஏழாம் வாய்பாடு போதும். மூன்றாவதில் மட்டும் தடுமாறினால் கழித்தலுக்குப் போக வேண்டும். மூன்று குழந்தைகளும் தேர்வில் தோற்றவர்கள்தாம். ஆனால் மூவருக்கும் தேவைப்படும் பாடம் வேறு வேறு.

வாசிப்பும் அப்படித்தான். புத்தகத்தைப் பார்த்து வாசிக்கிறாள், கரும்பலகையைப் பார்த்து வாசிக்கவில்லை என்றால் முதலில் கண்ணைப் பரிசோதிக்க வேண்டும். எதிரில் நின்று சொன்னால் எழுதுகிறான், நாம் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னால் விட்டுவிடுகிறான் என்றால் காதைக் கவனிக்க வேண்டும். மெய்யெழுத்தும் உயிரெழுத்தும் தெரிகிறது, கொம்பு வந்தால் நிற்கிறாள் என்றால் பாடம் அங்கே தொடங்க வேண்டும்.

எண்ணும் எழுத்தும் வகுப்புகளில் அரும்பு, மொட்டு, மலர் என்று குழந்தைகளை நிலைவாரியாகப் பிரித்துக் கற்பித்துப் பழகியிருக்கிறோம். குழந்தை அரும்பில் இருக்கிறது என்று குறித்தபின் நம் வேலை முடிவதில்லை. மொட்டுக்குப் போகவிடாமல் தடுப்பது எந்த ஒரு பாகம் என்பதே அடுத்த கேள்வி.

ஆயில் பற்றி நினைவில் வைக்கச் சொன்னேன். மினியில் ஒரே ஆயில் இரண்டு இடத்துக்கும் போகிறது. குழந்தைக்கும் வீடு வேறு, பள்ளி வேறு என்று இரண்டு மனம் கிடையாது. இரவு தூக்கமில்லாமல் போனது, காலையில் சாப்பிடாமல் வந்தது, அம்மா ஊருக்குப் போயிருப்பது எல்லாம் கணக்கு நோட்டில் தெரியும். 2022-இல் தொடங்கிய காலை உணவுத் திட்டத்துக்கு முன்பு, முதல் பாடவேளையில் சோர்ந்து உட்கார்ந்திருந்த குழந்தைகளை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம். சோர்வைச் சோம்பல் என்று எழுதிவைத்தால் தேடல் அங்கேயே நின்றுவிடும்.

செய்யக்கூடியவை

பட்டறையின் வரிசையை வகுப்புக்கு ஏற்ற மாதிரி ஐந்து வரியில் சொல்லி முடிக்கிறேன்.

ஒன்று, ‘எப்போதிலிருந்து?’ என்று கேளுங்கள். பெற்றோரிடமும் முந்தைய வகுப்பு ஆசிரியரிடமும் கேளுங்கள். மூன்றாம் வகுப்புவரை நன்றாகப் படித்த குழந்தை நான்காம் வகுப்பில் நின்றால், இடையில் என்ன மாறியது என்று தெரிய வேண்டும்.

இரண்டு, வெளியிலிருந்து உள்ளே செல்லுங்கள். கண், காது, பசி, உட்காரும் இடம், வருகைப் பதிவு. இவற்றைப் பார்க்க ஐந்து நிமிடம் போதும்.

மூன்று, தெரிந்ததை முதலில் எழுதுங்கள். தெரியாதவற்றின் பட்டியல் மட்டும் இருந்தால் எங்கே தொடங்குவது என்று புரியாது.

நான்கு, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். இடத்தையும் மாற்றி, பயிற்சியையும் மாற்றி, துணைக்கு ஒரு மாணவனையும் உட்காரவைத்தால், குழந்தை முன்னேறினாலும் எது உதவியது என்று தெரியாது. அடுத்த குழந்தைக்கு அதைப் பயன்படுத்தவும் முடியாது.

ஐந்து, சோதனையைச் சுருக்கமாக வையுங்கள். நான்கு கணக்கில் தெரிவதற்கு நாற்பது கணக்கு வேண்டாம்.

வரும் திங்கட்கிழமை உங்கள் வகுப்பில் ஒரே ஒரு குழந்தையைத் தேர்ந்தெடுங்கள். ‘வராது’ என்று நாம் முடிவுகட்டிய குழந்தையாக இருக்கட்டும். ஒரு தாளை இரண்டாக மடித்து, இடது பக்கம் அந்தக் குழந்தைக்கு நன்றாக வருவதையெல்லாம் எழுதுங்கள். வலது பக்கம் வராததை எழுதுங்கள். அடுத்த குறுவள மையக் கூட்டத்துக்கு அந்தத் தாளோடு வாருங்கள். சேர்ந்து உட்கார்ந்து, சந்தேகப் பட்டியலில் எத்தனை பெயர்களை அடிக்க முடிகிறது என்று பார்ப்போம்.